கொலுப்படியில் குறத்தி: மேடை, பொம்மை, சட்டம்

‘பொம்மைதானே சார், அதுல என்ன சாதி, இனம்?’ என்று கேட்பவர்கள் உண்டு. அவர்களுக்காகவாவது பொம்மையின் வரலாற்றைக் கொஞ்சம் புரட்டிப் பார்க்க வேண்டியிருக்கிறது.

1895இல் ஃபுளோரன்ஸ் அப்டன் படம் வரைந்த குழந்தைப் புத்தகம் ஒன்று இங்கிலாந்தில் வெளிவந்தது. அதில்தான் ‘கோலிவாக்’ பிறந்தது: கரிய முகம், வட்டக் கண், தடித்த சிவப்பு உதடு, சிலிர்த்த முடி. தன் சிறுவயதுக் கந்தல் பொம்மை ஒன்றைப் பார்த்து அப்டன் அதை வரைந்தார். அந்தக் கந்தல் பொம்மைக்கு மூலம் அமெரிக்காவின் ‘மின்ஸ்ட்ரல்’ மேடை. வெள்ளைக்காரர்கள் முகத்தில் கரி பூசி, கறுப்பர்களாக நடித்துச் சிரிக்கவைத்த மேடை அது. ஆக, கோலிவாக் கறுப்பரின் உருவம் அல்ல. கறுப்பராக வேஷம் கட்டிய வெள்ளைக்காரனின் உருவம். மேடை மங்கிப்போன பிறகும் பொம்மை பிழைத்துக்கொண்டது. ராபர்ட்சன் ஜாம் பாட்டில்களில் 1910 தொடங்கி ஏறக்குறைய 90 ஆண்டுகள் அது சிரித்துக்கொண்டிருந்தது.

அதன் விளைவு என்ன? 1940களில் கென்னத் கிளார்க், மேமி கிளார்க் தம்பதியினர் கறுப்புக் குழந்தைகளிடம் நிறத்தில் மட்டும் வேறுபட்ட பொம்மைகளைக் காட்டி, எது நல்ல பொம்மை என்று கேட்டார்கள். பெரும்பாலான குழந்தைகள் வெள்ளைப் பொம்மையைக் காட்டின. 1954இல் பள்ளிகளில் நிறப் பிரிவினை கூடாது என்று தீர்ப்பளித்த அமெரிக்க உச்ச நீதிமன்றம் கிளார்க்கின் ஆய்வையும் சுட்டியது.

இதையெல்லாம் வாசுதேவநல்லூரில் உட்கார்ந்து ஏன் பேச வேண்டும்? மேடையிலிருந்து பொம்மைக்கு இறங்கிய அதே பயணம் இங்கேயும் நடந்திருக்கிறது என்பதால்தான்.

நவராத்திரிக் கொலுவை எடுத்துக்கொள்வோம். மேல் படியில் தெய்வங்கள், அடுத்து முனிவர்கள், மகான்கள், அப்புறம் மனிதர்கள். புல்பூண்டிலிருந்து தெய்வம்வரை உயிர் மேலேறும் தத்துவம் என்று இதற்கு விளக்கம் சொல்வார்கள். சரி. ஆனால் மனிதப் படியில் நிற்பவர்கள் யார்? பருப்பும் அரிசியும் பரப்பிய செட்டியார்–செட்டிச்சி, பாம்பாட்டி, கூடையும் பாசிமணியுமாகக் குறவன்–குறத்தி. எல்லோரும் தொழிலாகவும் சாதியாகவும் சுருக்கப்பட்டவர்கள். செட்டியார் பொம்மை கேலிக்குரியதுதான்; ஆனால் செட்டியார் வீட்டிலும் கொலு உண்டு, தன் பொம்மையைப் பார்த்து அவரே சிரித்துக்கொள்ளலாம். குறத்திக்கு அந்த வாய்ப்பு இல்லை. அவள் வைக்கப்படுகிறவள், வைக்கிறவள் அல்ல.

தென்காசிக்கு அப்பால் இருக்கிற குற்றாலத்தின்மீது 18ஆம் நூற்றாண்டில் திரிகூடராசப்பக் கவிராயர் குறவஞ்சி பாடினார். அதுவும் புலவர் கற்பித்த குறத்திதான். ஆனாலும் அவளுக்கு மலை இருந்தது, நாடு இருந்தது, வாய் இருந்தது. அந்த நூற்றாண்டின் இறுதியிலிருந்து தஞ்சாவூர் ஓவியர்கள் கம்பெனி துரைமார்களுக்காகச் சாதிக்கொரு தம்பதியாக வரைந்து கொடுத்தார்கள். ஆணும் பெண்ணும் தொழிற்கருவியோடு நேரே நிற்கும் ‘மாதிரிகள்’. கொலுப்படியின் ஜோடி பொம்மைகளை அவற்றின் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பார்வை ஒன்றாகவே இருக்கும். பிறகு வந்தது சட்டம். 1871இன் குற்றப்பரம்பரைச் சட்டம் 1911இல் சென்னை மாகாணத்துக்கும் விரிந்து, குறவர் பிரிவுகள் பலவற்றைப் பிறவிக் குற்றவாளிகளாக அறிவித்தது. 1947இல்தான் இங்கே ரத்தானது. வெளியே போலீஸ் தேடிய ஆள், வீட்டுக்குள்ளே வேடிக்கைப் பொருள். இரண்டும் ஒன்றுக்கொன்று முரணல்ல. இரண்டிலும் ஆள் மறைந்து ‘வகை’ மட்டும் நிற்கிறது.

இன்னொன்று. தமிழ் பேசும் குறவர் வேறு, வாக்ரிபோலி பேசும் நரிக்குறவர் வேறு. முன்னவரில் பலர் பட்டியல் சாதியினர். பின்னவரைப் பழங்குடிப் பட்டியலில் சேர்க்கும் மசோதாவை நாடாளுமன்றம் 2022 டிசம்பரில்தான் நிறைவேற்றியது. குறி சொல்கிற கூடையும் ஊசி பாசியும் ஒரே பொம்மையில் ஒட்டப்படும்போது இரண்டு சமூகங்கள் ஒரு களிமண் அச்சில் காணாமல் போகின்றன.

நம் பக்கத்தில் கொலு வைக்கிற வீடுகள் குறைவு. ஆனால் அம்மன் கொடை இல்லாத தெரு ஏது? கொடையில் கரகாட்டத்தோடு குறவன்–குறத்தி ஆட்டம். அந்த வேஷம் கட்ட ஒருவர் குறவராக இருக்க வேண்டிய அவசியமே இல்லை. கரி பூசிய மின்ஸ்ட்ரலைப் போலத்தான். இரட்டை அர்த்தப் பேச்சு, கொச்சை அசைவு எல்லாம் ஒரு சமூகத்தின் பெயரில் அரங்கேறின. குறவர் மக்கள் எதிர்த்தார்கள். 2023இல் உயர்நீதிமன்ற மதுரைக் கிளை தலையிட்டது. அதே ஆண்டு தமிழக அரசு ஆட்டத்துக்குத் தடை விதித்தது.

மேடைக்குத் தடை வந்துவிட்டது. பொம்மைக்கு? அதற்கும் அரசாணை கேட்பது அபத்தம். பிறப்பை வைத்து ஊர் ஊராகப் போலீஸ் கண்காணித்த மக்களின் பெயரால், இன்னொரு கண்காணிப்பை வீட்டுக்குள் அழைக்க முடியாது. ஆனால் கேள்வி கேட்கலாம். பள்ளிக்கூட மாறுவேடப் போட்டியில் பாரதியாருக்கும் நேருவுக்கும் பக்கத்தில் ஒரு சின்னப் பிள்ளையைக் குறத்தியாக்கி நிறுத்துகிறோமே, பாரதியாரும் நேருவும் தனி மனிதர்கள், குறத்தி யார்? அவளுக்குப் பெயர் என்ன? உயிருள்ள பிள்ளையையே நாம் பொம்மையாக்கி, கைதட்டிப் பரிசும் கொடுக்கிறோம். அதே வகுப்பில் ஒரு நரிக்குறவர் பிள்ளையும் இருந்தால், அது எந்தப் பக்கம் பார்க்கும்?

நம்மிடம் மரப்பாச்சியும் இருக்கிறது. செம்மரத்தில் செதுக்கிய கருத்த ஆணும் பெண்ணும். கையில் கூடை இல்லை, தராசு இல்லை, தொழில் இல்லை. துணி சுற்றி, பெயர் வைத்து, கல்யாணம் கட்டிவைப்பது பிள்ளையின் வேலை. இன்று ராணி, நாளை டீச்சர், நாளை மறுநாள் பஸ் கண்டக்டர். அந்தக் கறுப்புப் பொம்மையை அசிங்கம் என்று எந்தப் பிள்ளையும் தள்ளிவைத்ததில்லை. அப்படித் தள்ளச் சொல்லி யாரும் அதற்குக் கற்றுக்கொடுக்கவில்லை. குறத்தியைப் பார்த்துச் சிரிக்க மட்டும் கற்றுக்கொடுத்திருக்கிறோம்.