மேம்பாலம் ஏறிய மவுண்டன் பைக்

போன மாசம் திண்டிவனம் வீட்டுக்குப் போனப்ப அம்மா ஒரு முடிவோட இருந்தாங்க. மாடிப்படிக்குக் கீழ கிடக்கிற அண்ணனோட சைக்கிளைப் பழைய இரும்புக்குப் போட்டுடணும். கிலோ கணக்குல. 90கள்ல வாங்கின எம்டிபி அது. தடிச்ச டயர், நேர் ஹேண்டில்பார், கியர் கிடையாது. வெளிநாட்டுல இருக்கிற அண்ணனுக்கு போன் போட்டேன். "டேய், வித்துடாத. எதையும் மாத்தவும் மாத்தாத. ஒரிஜினலாவே இருக்கட்டும்"னாரு.

அந்த 'ஒரிஜினல்'ங்கிற வார்த்தையில நான் மாட்டிக்கிட்டேன். ஏன்னா மவுண்டன் பைக்கோட வரலாற்றைத் தேடிப் படிச்சா, அங்க ஒரிஜினல்னு ஒண்ணுமே இல்ல.

1970கள். கலிஃபோர்னியாவுல மரின் கவுண்டி, டமால்பாயஸ் மலைப் பக்கம். சில இளைஞர்கள் 1930, 40கள்ல வந்த ஷ்வின் மாதிரியான பழைய தடி டயர் சைக்கிள்களைத் தேடிப் பிடிச்சு, மண் பாதையில உருட்டிவிட்டு இறங்குறாங்க. பெடலைப் பின்னாடி மிதிச்சா பிடிக்கிற பிரேக். மூணு கிலோமீட்டர் சொச்சத்துல சுமார் 400 மீட்டர் இறக்கம். கீழ வர்றதுக்குள்ள பின் ஹப் சூடாகி, உள்ள இருக்கிற கிரீஸ் புகையாப் போயிடும். ஹப்பைப் பிரிச்சு மறுபடி கிரீஸ் அடைச்சாத்தான் அடுத்த ரவுண்டு. மறுபடி அடைக்கிறதுதான் 'ரீபேக்'. அந்தப் பாதைக்கும் அதுவே பேரு. முதல் போட்டி 1976 அக்டோபர் 21.

இது வேலைக்காகாதுன்னு டிரம் பிரேக் போட்டாங்க. மோட்டார் சைக்கிள் பிரேக் லீவரை மாட்டினாங்க. வேற சைக்கிள்லேர்ந்து கியரைக் கழட்டி இதுல பூட்டினாங்க. ஜோ பிரீஸ் இந்த வேலைக்குன்னே ஃபிரேம் கட்ட ஆரம்பிச்சது 1977-லதான். 1981-ல ஸ்பெஷலைஸ்டு கம்பெனியோட ஸ்டம்ப்ஜம்ப்பர். 1982-ல ஷிமானோ டியோர் எக்ஸ்டி. 1996 அட்லாண்டாவுல ஒலிம்பிக்கே வந்துடுச்சு. ஆக, அடுத்தவன் வண்டி பார்ட்ஸை மாட்டின பழைய சைக்கிள்தான் இந்தக் குடும்பத்துக்கே தாத்தா.

அந்த உருவம் நம்ம ஊருக்கு 90கள்ல ஹெர்குலஸ் எம்டிபி, ஹீரோ ரேஞ்சர்னு வந்து சேர்ந்தது. உருவம் வந்தது, மலை வரல. எங்க அண்ணன் அதிகபட்சம் ஏறின சிகரம் திண்டிவனம் மேம்பாலம். அங்கேர்ந்து மிதிக்காம இறங்கினதைப் பத்தி இன்னிக்கும் பேசுவாரு.

இந்தக் கதையை அண்ணன்கிட்ட சொன்னேன். "சரி, ஓட்டுறதுக்கு எது வேணுமோ அதை மட்டும் மாத்து"ன்னு இறங்கி வந்தாரு.

முதல் தப்பு நான்தான் பண்ணேன். 26 இஞ்ச் சக்கரம்தானேன்னு 26 இஞ்ச் டயர் வாங்கி மாட்டினா, தொளதொளன்னு கழண்டு வருது. வண்டியைக் குட்டி யானையில ஏத்தி விழுப்புரத்துல ஒரு பழைய கடைக்குக் கொண்டு போனேன். பெரியவர் டயரைத் திருப்பிப் பார்த்துட்டு, "தம்பி, இது பின்னம் போட்ட 26. உங்களுது புள்ளி வச்ச 26"ன்னாரு. 26 x 1 3/8-ன்னு போட்டிருந்தா அது பொதுவா 590 மில்லிமீட்டர் ரிம்முக்கு. 26 x 1.95-ன்னா 559. ரெண்டுக்கும் பேரு 26 இஞ்ச். டயர் பக்கவாட்டுல பொடி எழுத்துல 50-559-னு இருக்கும் பாருங்க, அந்தக் கடைசி மூணு எண்ணை நம்புங்க.

அடுத்தது பெடல் அச்சு. காட்டர் ஆணி துருப்பிடிச்சு, சுத்தியலால அடிச்சுத்தான் வந்தது. உள்ள இருக்கிற கப்பைக் கழட்ட நான் முழு பலத்தோட இடப்பக்கமா முறுக்கிட்டிருந்தேன். பெரியவர் கையைத் தட்டிவிட்டாரு. செயின் இருக்கிற பக்கம் மரை தலைகீழ், வலப்பக்கமா சுத்தினாத்தான் கழலும். உலகத்துல ரொம்பப் பரவின இந்த மரைக்கு பேரே பிஎஸ்ஏ. பர்மிங்காம்ல 1861-ல துப்பாக்கி செய்யத் தொடங்கின கம்பெனியோட பேரு. நமக்கு அம்பத்தூர் டிஐ சைக்கிள்ஸ் மூலமா வீட்டுக்கு வந்த அதே பேரு. அந்த அளவு மாறாம இருந்ததால, இன்னிக்குச் செஞ்ச சீல்டு பேரிங் அச்சு அண்ணனோட ஃபிரேம்ல நேரா ஏறுச்சு. எனக்கு அப்போ கொஞ்சம் சிலிர்த்துச்சு, சொல்லணும்.

எஃகு ரிம்ல மழை பட்டா பிரேக் கட்டை வழுக்கும். அதனால பழைய ஹப்பையே வச்சு, அதே எண்ணிக்கை ஓட்டை இருக்கிற அலாய் ரிம் கோத்து, கோட்டம் எடுத்தோம். பழைய கேன்டிலிவர் பிரேக் உட்கார்ந்த அதே முளையில வி-பிரேக் உட்காரும். ஆனா லீவரையும் சேர்த்து மாத்தணும். பழைய லீவர் இழுக்கிற ஒயர் நீளம் வி-பிரேக்குக்குப் பத்தாது, கட்டை அழுத்தமாப் பிடிக்காது. இதை மட்டும் சிக்கனம் பண்ணிடாதீங்க.

முன்னாடி ஷாக் ஃபோர்க் போடலாமான்னு கேட்டேன். பெரியவர் பழைய ஃபோர்க்கையும் அதையும் பக்கத்துல பக்கத்துல நிறுத்திக் காட்டினாரு. உயரம் கூட. மாட்டினா வண்டியோட மூக்கு தூக்கிக்கும், ஹேண்டில் திரும்புற விதமே மாறிடும். வேண்டாம்னுட்டேன். பெயின்டையும் தொடல. மேல் குழாய்ல அண்ணன் காம்பஸால கீறின பேரு அப்படியே இருக்கு.

போன ஞாயிறு காலையில மயிலம் வரைக்கும் மிதிச்சேன். மலையடிவாரத்துல நிறுத்தி வீடியோ கால் போட்டேன். அண்ணன் ரொம்ப நேரம் பார்த்துட்டு கேட்டது ஒண்ணே ஒண்ணுதான்: "பெல் எங்கடா?"

பழைய பார்ட்ஸ் டப்பாவுல இருக்கு. இந்த வாரம் மாட்டணும்.