ஊவாக் காற்றும் கையால் கட்டிய விமானமும்

அப்புத்தளை மலைமுகட்டில் நின்று தெற்கே நோக்கினால், தேயிலைச் சரிவுகளுக்குக் கீழே தாழ்நிலம் ஒரே பரப்பாய் விரிந்து கிடப்பதைக் காணலாம். அத்தாழ்நிலத்திலுள்ள வீரவில விமானத் தளத்திலிருந்து, 2020ஆம் ஆண்டு ஜனவரி 3ஆம் திகதி காலையில், இலங்கை விமானப் படையின் வை-12 ரகச் சிறு விமானமொன்று கண்காணிப்புப் பணிக்காக எழுந்தது. அது அப்புத்தளை தம்பபிள்ளை மாவத்தைப் பகுதியில் வீழ்ந்து நொறுங்கியது. அதிற் சென்ற விமானப் படையினர் நால்வரும் உயிர் நீத்தனர்.

அவ்விமானம் தொழிற்சாலையில் உருவானது. இரண்டு இயந்திரங்கள் உடையது. பயிற்சி பெற்றோரால் செலுத்தப்பட்டது. அத்தகைய விமானத்துக்கே மலைநாட்டில் இத்தகைய முடிவு நேருமாயின், ஒருவர் தம் கொட்டகையில் தாமே கட்டிய விமானத்தின் நிலை என்னாகும்? இக்கேள்விக்கு விடை காண வரலாற்றிற் சற்றுப் பின்னோக்கிச் செல்லுதல் வேண்டும்.

தொடக்க காலத்தில் எல்லா விமானங்களும் கையால் கட்டப்பட்டவையே. ஜெர்மனியில் ஒட்டோ லிலியன்தால் என்பவர் மரச் சட்டங்களையும் பருத்தித் துணியையும் கொண்டு சிறகுகள் அமைத்துக் குன்றுகளிலிருந்து ஏறத்தாழ 2,000 தடவை மிதந்து இறங்கினார். 1896ஆம் ஆண்டு ஆகஸ்ட் 9ஆம் நாள் காற்றிற் சமநிலை இழந்து வீழ்ந்தார், மறுநாள் இறந்தார்.

அவரிடம் நேரிற் சென்று கற்றவர் பிரித்தானியப் பொறியியலாளர் பேர்சி பில்ச்சர். மூன்றடுக்குச் சிறகுகளும் இயந்திரமும் கொண்ட விமானமொன்றை அவர் கட்டினார். 1899ஆம் ஆண்டு செப்ரெம்பர் 30ஆம் நாள் அதனைப் பலர் முன்னிலையிற் பறக்கவிட ஏற்பாடாகியிருந்தது. ஆனால் அதன் இயந்திரத் தண்டு முன்னரே முறிந்துவிட்டது. வந்தோரை வெறுங்கண்ணோடு திருப்பி அனுப்ப அவர் மனம் இசையவில்லை. மழையையும் பொருட்படுத்தாது, இயந்திரமற்ற தம் பழைய மிதவை விமானத்தில் ஏறினார். வானில் அதன் வால் முறிந்தது. இரண்டு நாட்களின் பின் அவர் மறைந்தார். அப்பொழுது அவருக்கு வயது 32. அவர் திட்டமிட்ட இயந்திர விமானத்தின் மாதிரியொன்று 2003ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் ஒரு நிமிடத்துக்கு மேலாகப் பறந்தது. அவரது கருத்துப் பிழையன்று என்பதை அது காட்டிற்று. பிழைத்தது, அன்றைய நாளைத் தள்ளிப்போடாத முடிவே.

இங்கு கவனிக்கத்தக்கது ஒன்றுண்டு. விமானத்தைச் செய்தவரும் அவரே, சோதித்தவரும் அவரே, செலுத்தியவரும் அவரே. "இன்று வேண்டாம்" என்று தடுக்கும் அதிகாரம் வேறெவருக்கும் இருக்கவில்லை. தாமே கட்டிய விமானத்தின் மெய்யான ஆபத்து இதுவே.

ஊவாவின் இயற்கை இவ்வாபத்தை மேலும் பெருக்கும். கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,400 மீற்றர் உயரத்திலுள்ள அப்புத்தளையில், காற்றின் அடர்த்தி கடற்கரையிலுள்ளதைவிட ஏறத்தாழ எட்டில் ஒரு பங்கு குறைவு. ஆகவே சிறகின் தூக்கும் ஆற்றலும் சிறு இயந்திரத்தின் வலுவும் குறையும். தென்மேற்குப் பருவக்காற்று மத்திய மலைத்தொடரின் மேற்கிலே மழையைப் பொழிந்துவிட்டு, வறண்ட காற்றாய் ஊவாப் பக்கம் இறங்கும். ஊவாத் தேயிலைக்குப் புகழ்பெற்ற நறுமணத்தை ஈவதும் அக்காற்றே. மலைமுகடு தாண்டிவரும் சிறு விமானத்தைக் கீழ்நோக்கி அழுத்தவல்லதும் அக்காற்றே. இவற்றோடு மூடுபனியும் சேர்ந்தால், முன்னே நிற்பது முகிலோ மலையோ என்பது புலப்படாது.

ஆயினும், தாமே விமானம் கட்டுவோர் அனைவரும் அழிந்தாரல்லர். இலங்கைப் பொறியியலாளர் றே விஜேவர்தன தம் கையாற் சிறு விமானங்களைக் கட்டிப் பறந்தவர். இருசக்கர உழவு இயந்திரத்தை வடிவமைத்தவர். மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தின் வேந்தராகவும் விளங்கியவர். 1924இற் பிறந்த அவர் 2010ஆம் ஆண்டுவரை வாழ்ந்தார். எனவே, துணிவு வேண்டாததன்று. அதனை வரம்புக்குள் நிறுத்தும் ஒழுங்கே வேண்டப்படுவது.

தோட்ட மக்களுக்கு இவ்வுண்மை புதியதன்று. தேயிலைத் தொழிற்சாலையில் இரவு முழுதும் கண்விழித்துத் தூளைப் பக்குவம் செய்யும் டீமேக்கர், அதன் தரத்துக்கு இறுதித் தீர்ப்பு வழங்குவதில்லை. கொழும்பிலே அதனைச் சுவைத்துப் பார்ப்பவர் வேறொருவர். அது டீமேக்கரின் திறமைக்கு இழுக்கன்று. தான் செய்த பொருளின் குறை தன் கண்ணுக்கு எளிதிற் படாது என்பதால் ஏற்பட்ட வழக்கம். பறப்பதற்கு முன் சிவில் விமான அதிகாரிகள் தகுதிச் சான்று கோருவதும் இதே நோக்கத்தினாலேயே.

தேயிலையின் குறை தவறினால் விலை குறையும். விமானத்தின் குறை தவறினால் ஒரு வீடு விளக்கிழக்கும். இன்று இயந்திரமும் செய்முறையும் இளைஞர் கைக்கு எளிதில் எட்டுகின்றன. பதுளையிலோ பண்டாரவளையிலோ ஒரு மாணவன் நாளை சிறகொன்று கட்ட முற்பட்டால், அவனது ஆர்வத்தை அடக்க வேண்டியதில்லை. பில்ச்சருக்குக் கிடைக்காத அந்த இரண்டாவது கண்ணை அவனுக்குக் கொடுத்தாற் போதும்.