புதுச்சேரி (நகரம்)

புதுச்சேரி இந்தியாவின் தென்கிழக்கே, சோழமண்டலக் கடற்கரையில் அமைந்துள்ள நகரமாகும். இது புதுச்சேரி ஒன்றியப் பகுதியின் தலைநகரம். சென்னையிலிருந்து ஏறத்தாழ 150 கி.மீ. தெற்கே உள்ளது. முன்னாள் பிரெஞ்சுக் குடியேற்ற நகரமான இது பாண்டிச்சேரி எனவும் அழைக்கப்பட்டது. 2006 இல் ஒன்றியப் பகுதியின் பெயர் அலுவல் முறையில் புதுச்சேரி என மாற்றப்பட்டது. பேச்சுவழக்கில் இது புதுவை, பாண்டி எனப்படுகிறது.

வரலாறு

நகருக்குத் தெற்கே, அரியாங்குப்பம் ஆற்றங்கரையில் உள்ள அரிக்கமேடு பழங்காலத் துறைமுகமாகும். இங்கு 1945 இல் மார்ட்டிமர் வீலர் நடத்திய அகழாய்வில் உரோமானிய மதுச்சாடிகளின் துண்டுகளும் மணிகளும் கிடைத்தன. வீலர் இதனை உரோமானியரின் வணிக நிலையமாகக் கருதினார். உரோமானியத் தொடர்புக்கு முன்னரே இங்கு மக்கள் வாழ்ந்தனர் என்பதைப் பிந்தைய ஆய்வுகள் காட்டின.

17 ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சுக் கிழக்கிந்தியக் கம்பனி இங்கு நிலைகொண்டது. 1693 இல் நகரைக் கைப்பற்றிய ஒல்லாந்தர் 1699 இல் அதனைத் திருப்பியளித்தனர். டூப்ளே ஆளுநராக இருந்த காலத்தில் (1742–1754) பிரெஞ்சுச் செல்வாக்கு உச்சம் பெற்றது. அவரது துபாசியான ஆனந்தரங்கப் பிள்ளை தமிழில் எழுதிய நாட்குறிப்பு, அக்கால அரசியலையும் வணிகத்தையும் அறிய உதவும் முதன்மைச் சான்றாகும். 1761 இல் ஆங்கிலேயர் நகரைக் கைப்பற்றித் தரைமட்டமாக்கினர். இன்று காணப்படும் பழைய கட்டடங்கள் அதற்குப் பின் எழுந்தவையே.

பிரித்தானிய ஆட்சிக்கு வெளியே இருந்தமையால் இந்நகரம் விடுதலைப் போராளிகளுக்குப் புகலிடமானது. சுப்பிரமணிய பாரதியார் 1908 முதல் 1918 வரை இங்கு வாழ்ந்தார். அரவிந்தர் 1910 இல் இங்கு வந்தார். பாரதிதாசன் பிறந்ததும் இந்நகரிலேயே.

1954 அக்டோபர் 18 அன்று கீழூரில் நடந்த வாக்கெடுப்பில் 178 மக்கள் பிரதிநிதிகளுள் 170 பேர் இந்தியாவுடன் இணைவதை ஆதரித்தனர். அவ்வாண்டு நவம்பர் 1 இல் ஆட்சி கைமாறியது. சட்டப்படியான இணைப்பு 1962 ஆகத்து 16 இல் நிறைவுற்றது.

நகர அமைப்பும் பண்பாடும்

நேர் தெருக்களைக் கொண்ட பழைய நகரை ஒரு கால்வாய் இரண்டாகப் பிரிக்கிறது. கடலை ஒட்டிய கிழக்குப் பகுதியில் உயர்ந்த மதில்களும் உள்முற்றமும் கொண்ட பிரெஞ்சுப் பாணி மாளிகைகள் உள்ளன. மேற்கே தமிழர் பகுதியில் திண்ணையும் முற்றமும் உடைய வீடுகள் உள்ளன. மணக்குள விநாயகர் கோயில் பிரெஞ்சுப் பகுதியினுள் அமைந்துள்ளது. அருகிலுள்ள வில்லியனூரில் திருக்காமீசுவரர் கோயில் தேரின் வடத்தை ஆட்சித் தலைவர் இழுத்துத் தொடங்கிவைக்கும் வழக்கம் பிரெஞ்சுக் காலத்திலிருந்து தொடர்கிறது.

பழைய கட்டடங்கள் பல அழிந்துள்ளன. 19 ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த மேரி எனப்படும் நகராட்சிக் கட்டடம் 2014 நவம்பரில் மழையின்போது இடிந்தது. பின்னர் அது பழைய வடிவிலேயே மீண்டும் கட்டப்பட்டது.

இயற்கை

நகருக்கு மேற்கேயுள்ள ஊசுட்டேரி வலசை வரும் நீர்ப்பறவைகளின் வாழிடமாகும். இவ்வேரியின் ஒரு பகுதி தமிழ்நாட்டு எல்லைக்குள் உள்ளது.

இக்கரையில் ஆண்டின் பெரும்பகுதியில் அலைகள் மணலைத் தெற்கிலிருந்து வடக்கே கொண்டு செல்கின்றன. 1980களில் நகருக்குத் தெற்கே துறைமுகத்திற்காகக் கட்டப்பட்ட அலைதடுப்புச் சுவர்கள் இம்மணலைத் தடுத்தன. அதனால் நகரின் மணற்கடற்கரை மறைந்தது. கரையைக் காக்கக் கருங்கற்கள் கொட்டப்பட்டன. அரிப்பு வடக்கேயுள்ள மீனவர் ஊர்களுக்கும் பரவியது. 2018 இல் கடலடியில் செயற்கைத் திட்டு அமைக்கப்பட்ட பின்னர் நகரின் வடபகுதியில் மணல் மீண்டும் சேர்ந்தது.