கை அசைவதும் கை உதவுவதும்: பக்கவாத மீட்சியை அளந்த வரலாறு



பக்கவாதம் என்னும் சொல், நோயைக் கண்டவர்கள் கண்டதை அப்படியே சொல்லும் பெயர். உடலின் ஒரு பக்கம் விழுந்துவிடுகிறது. வாதம் கெட்டதே அதற்குக் காரணம் என மரபு மருத்துவம் கருதியது. மூளையில் குருதிக்குழாய் அடைபடுவதோ வெடிப்பதோதான் காரணம் என்பதை இன்று அறிவோம். ஆயினும் பெயர் ஒரு பக்கம் விழுந்தது என்பதை மட்டுமே சொல்கிறது. எவ்வளவு விழுந்தது, எவ்வளவு மீண்டது என்னும் வினாக்களுக்கு எண்ணால் விடை தேடும் முயற்சி இருபதாம் நூற்றாண்டில்தான் வலுப்பெற்றது. ஒரு பயிற்சி பயன் தந்ததா, அதனைத் தொடரலாமா, நோயாளி வீட்டில் தனித்து இயங்க இயலுமா என்னும் முடிவுகள் அவ்வெண்களைச் சார்ந்திருப்பதால், அவை பிறந்த கதையை நாம் அறிந்திருத்தல் வேண்டும்.

இரண்டாம் உலகப் போரின்போது, நரம்பு அறுபட்ட வீரர்களுக்காகப் பிரிட்டனின் மருத்துவ ஆய்வு மன்றம் தசை வலிமையை 0 முதல் 5 வரை தரப்படுத்தியது. தசையில் துடிப்பே இல்லையெனில் 0; புவியீர்ப்பை எதிர்த்து உறுப்பை உயர்த்த முடிந்தால் 3; இயல்பான வலிமை இருந்தால் 5. நரம்புக் காயத்திற்கு இது பொருத்தமான கோல். பக்கவாதத்தின் இயல்போ வேறு. அதில் கையின் நரம்பு அறுபடுவதில்லை. மூளையின் கட்டளையே குலைகிறது. நோயாளி கையை வாய்க்குக் கொண்டுசெல்ல முயன்றால் தோள் உயர்கிறது, முழங்கை மடங்குகிறது, விரல்கள் இறுகுகின்றன. வலிமை இருக்கிறது, ஒரு மூட்டைத் தனித்து அசைக்கும் ஆற்றல் இல்லை. தசை வலிமையை மட்டும் அளக்கும் கோலுக்கு இக்குறை புலப்படாது.

இந்த மீட்சிக்கு ஓர் ஒழுங்கு உண்டு என்பதை 1951-இல் விரிவாகப் பதிவு செய்தவர் அமெரிக்க நரம்பியல் மருத்துவர் தாமஸ் டுவிட்செல். பக்கவாதமுற்ற 121 பேரை ஆராய்ந்து அவர் கண்டது இது: முதலில் உறுப்பு துவண்டு கிடக்கும், பின்னர் அனிச்சைச் செயல்கள் மிகும், அடுத்து மூட்டுகள் சேர்ந்தே மடங்கும், சேர்ந்தே நீளும், இறுதியில் அக்கூட்டசைவின் பிடி தளர்ந்து ஒவ்வொரு மூட்டும் தனித்து இயங்கும். எல்லாரும் கடைசிப் படியை எட்டுவதில்லை. இடைப்படியில் நின்றுவிடுவோர் பலர்.

சுவீடனில் பிறந்து அமெரிக்காவில் பணியாற்றிய இயன்முறை மருத்துவர் சிக்னே புருன்ஸ்ட்ராம், இவ்வொழுங்கை ஆறு நிலைகளாக வகுத்தார். 1970-இல் வெளிவந்த அவருடைய நூல் பயிற்சியறைகளில் பரவியது. எனினும் ஆறு நிலைகள் என்பன ஆறு பெரிய படிகள். ஒரே படிக்குள் நிகழும் சிறு முன்னேற்றத்தை அவை காட்டா.

அந்தப் படிகளுக்கு இடையே சிறு கோடுகளை வரைந்தவர்கள் சுவீடனின் கோத்தன்பர்க் நகரில் பணியாற்றிய ஆக்செல் ஃபுகில்-மெயரும் அவர்தம் குழுவினரும் ஆவர். 1975-இல் வெளியான அவர்களது முறை எளியது. செய்ய இயலாவிடில் 0, ஓரளவு செய்தால் 1, முழுமையாகச் செய்தால் 2. கைக்கு 66, காலுக்கு 34, ஆக அசைவுக்கு 100 மதிப்பெண். முதலில் அனிச்சைச் செயல், அடுத்து கூட்டசைவு, பின்னர் தனியசைவு என்று டுவிட்செல் கண்ட வரிசையிலேயே வினாக்கள் அமைந்துள்ளன. தேவையான கருவிகளும் சிலவே: அனிச்சைச் சுத்தியல், பந்து, பென்சில், தாள், நிறுத்தற் கடிகாரம் போன்றவை. அரை நூற்றாண்டு கடந்தும் இம்முறை உலகெங்கும் வழக்கில் இருப்பதற்கு இவ்வெளிமையும் ஒரு காரணம்.

இதற்குப் பத்தாண்டுகளுக்கு முன்பே வேறொரு வினா எழுந்திருந்தது. 1965-இல் அமெரிக்காவின் மேரிலாந்தில் மருத்துவர் ஃபுளோரன்ஸ் மஹோனியும் இயன்முறை மருத்துவர் டாரத்தியா பார்த்தெலும், உண்ணுதல், உடுத்தல், குளித்தல், நடத்தல் முதலிய பத்துச் செயல்களுக்கு மொத்தம் 100 மதிப்பெண் வகுத்தனர். அவர்கள் அசைவைப் பார்க்கவில்லை, வாழ்வைப் பார்த்தனர். முழு மதிப்பெண் பெற்றவரும் சமைத்து, வீட்டைப் பேணித் தனியே வாழ வல்லவர் என்று கொள்ளலாகாது என அவர்களே எச்சரித்தும் வைத்தனர்.

இரு கோல்களையும் அருகருகே வைத்துப் பாருங்கள். வலக்கை செயலிழந்த ஒருவர் இடக்கையால் சட்டை அணியப் பழகினால் பார்த்தெல் எண் உயரும். வலக்கையோ சற்றும் மீண்டிராது. மற்றொருவரின் வலக்கை ஃபுகில்-மெயர் கோலில் பல எண்கள் ஏறியிருக்கும். ஆனால் அவரால் இன்னும் பொத்தானிட இயலாது. இரண்டு எண்களும் உண்மையே. ஒன்று கை அசைகிறதா என்று கேட்கிறது. மற்றொன்று மனிதர் வாழ்கிறாரா என்று கேட்கிறது. 2001-இல் உலகச் சுகாதார நிறுவனம் தன் வகைப்பாட்டில் உடலின் செயற்கூறு, செயல், சமூகப் பங்கேற்பு ஆகியவற்றைத் தனித்தனியே பிரித்துக் காட்டியது.

மூன்றாவது வினா ஒன்றும் உண்டு. கட்டைகளை எடுத்தல், குவளையிலிருந்து நீரூற்றுதல் போன்ற 19 பணிகளால் கையின் திறனை 57 மதிப்பெண்ணுக்கு அளக்கும் சோதனையை 1981-இல் லைல் வெளியிட்டார். அது சோதனை மேசையில் இயன்றதைச் சொல்லும். ஆனால் இயன்றதை மக்கள் எப்போதும் செய்வதில்லை. பல முறை முயன்று தோற்றவர் அந்தக் கையைக் கைவிடப் பழகிவிடுகிறார் என்பதை எட்வர்ட் டாப் சுட்டிக்காட்டினார். இன்று இரு மணிக்கட்டுகளிலும் முடுக்கமானி கட்டி, வீட்டில் எந்தக் கை எவ்வளவு இயங்குகிறது என்று பார்க்கின்றனர்.

கோலின் எல்லையை மறந்தால் நேரும் இடரையும் அண்மை வரலாறு காட்டியுள்ளது. கை இழந்த மதிப்பெண்ணில் ஏறத்தாழ 70 விழுக்காடு மூன்று மாதங்களில் மீளும் என்றொரு விதி 2008-இல் முன்வைக்கப்பட்டது. தொடக்கத்தில் 26 பெற்றவர் இழந்தது 40. அவர் 28 மீட்டு 54-ஐ எட்டுவார் என்பது கணக்கு. மிகக் கடுமையாகத் தாக்குண்டோருள் பலர் இதற்கு உட்படவில்லை. 2019-இல் ஆய்வாளர் சிலர் கணக்கின் அடிப்படையையே வினவினர். ஆசிரியர்களுக்கு இது எளிதில் விளங்கும். ஆண்டிறுதித் தேர்வு மிக எளிதாகி வகுப்பே முழு மதிப்பெண் பெற்றால், ஒவ்வொரு மாணவரின் முன்னேற்றமும் அவர் தொடக்கத்தில் இழந்த மதிப்பெண்ணுக்குச் சமமாகவே இருக்கும். அதனைக் கற்றலின் விதி என்று எவரும் கொள்ளார். அது வினாத்தாளின் உச்சவரம்பு. 66 என்னும் உச்சவரம்பும், தொடக்க எண் கணக்கின் இருபுறமும் இடம்பெறுவதும் அவ்விதியைப் பெரிதாக்கிக் காட்டின என்பதே அவர்கள் வாதம்.

மொழியை வளர்க்கும் இவ்வவையில் இறுதியாக ஒன்று சொல்ல வேண்டும். ஃபுகில்-மெயர் சோதனை நோயாளியிடம் கட்டளை கூறுவதில் தொடங்குகிறது. நலமான கையால் முதலில் செய்துகாட்டச் சொல்வது அம்முறையின் வழக்கம். கட்டளை விளங்கியதா என்பதை அது சோதிக்கிறது. தமிழ் மட்டுமே அறிந்த முதியவருக்கு வேற்றுமொழிக் கட்டளை விளங்காமற்போனால், அவர் பெறும் 0 கையின் மதிப்பெண் அன்று, மொழியின் மதிப்பெண். மடக்கு, நீட்டு, விரி, உயர்த்து, மல்லாத்து, கவிழ் என அசைவுக்குரிய துல்லியமான வினைச்சொற்கள் நம் அன்றாடப் பேச்சிலேயே உள்ளன. அவற்றைச் சோதனைத் தாளில் ஐயமின்றி எழுதித் தரும் பணி, மருத்துவம் பயிலப்போகும் நம் மாணவர்களுக்கும் அவர்களுக்குத் தமிழ் கற்பிக்கும் ஆசிரியர்களுக்கும் உரியது.