கொமொண்டோர்: அங்கேரியின் சடை நாய்

கொமொண்டோர் அங்கேரி நாட்டின் ஆட்டுமந்தைக் காவல் நாய் இனமாகும். ஆடுகளை ஓட்டி மடக்குவது இதன் வேலையன்று. மந்தையோடு தங்கி ஓநாயை எதிர்ப்பதே வேலை. மங்கோலியருக்கு அஞ்சி வந்த குமானியருக்கு மன்னர் நான்காம் பேலா 1239இல் அடைக்கலம் அளித்தார். அவர்களோடு இந்நாயும் வந்ததாகக் கருதப்படுகிறது. இதன் பெயர் எழுத்தில் முதலில் காணப்படுவது 1544இல்.

முரட்டு வெளிமயிரில் மென்மையான உள்மயிர் சிக்கிச் சடையாகத் திரள்கிறது. வெண்சடையால் நாய் ஆடுகளுக்கிடையே எளிதில் தெரியாது. ஓநாயின் பல்லும் தோலை எட்டுவது கடினம். ஆனால் சடை தானாகவே ஒழுங்காக அமைந்துவிடாது. ஓராண்டு வாக்கில் மயிர் திரளத் தொடங்கும்போது வளர்ப்பவர் அதைத் தோல்வரை கையால் பிரித்துவிட வேண்டும். விட்டுவிட்டால் கம்பளிபோல் ஒரே படலமாக ஒட்டிக்கொள்ளும். சீப்புக்கு இங்கு வேலையில்லை. குளிப்பாட்டினால் உலர இரண்டு நாள்கூட ஆகும். ஈரம் தங்கினால் நாற்றமும் தோல்நோயும் வரும். குட்டை மயிர் கொண்ட கோம்பை, இராசபாளையம் நாய்களை வளர்ப்போர் அறியாத தொல்லை இது. பண்ணைகளில் ஆட்டுக்குக் கம்பளி கத்தரிக்கும்போதே நாய்க்கும் கத்தரித்துவிடுவதுண்டு.

இரண்டாம் உலகப் போரின்போது அங்கேரியில் இவ்வினம் ஏறக்குறைய அழிந்தது. பண்ணைக்குள் நுழைய விரும்பிய படையினர் முதலில் காவல் நாயைச் சுட்டனர். எஞ்சிய சிலவற்றைக் கொண்டே பின்னர் இனம் பெருக்கப்பட்டது. அமெரிக்க ஆட்டுப் பண்ணைகளிலும் கயோட்டி எனும் காட்டு விலங்கிடமிருந்து மந்தையைக் காக்க இந்நாய்கள் பயன்பட்டன.