முழு இருதயத்திற்குச் சான்று யாது?

பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போன யூதருக்கு எரேமியா தீர்க்கதரிசி விடுத்த நிருபத்தில், தேவனைக் கண்டடைவதற்கு முழு இருதயத்தோடு தேடுதலே நிபந்தனையாக வைக்கப்பட்டது. ஆனால் ஒருவனுடைய இருதயம் முழுமையாக இருக்கிறதா என்பதைப் பிறரோ அவனோ அறிவது எங்ஙனம் என்பதற்கு அந்நிருபத்தில் விடையில்லை. கிறிஸ்தவத் துறவு நெறியும் பக்தி நெறியும் பெரும்பாலும் இவ்வொரு வினாவைச் சுற்றியே வளர்ந்தன என்பதும், அதற்கு அளிக்கப்பட்ட விடை காலந்தோறும் மாறிற்று என்பதும் இக்கட்டுரையின் துணிபு.

முதல் விடை துறத்தல் என்னும் செயலாக இருந்தது. ஏறக்குறைய 251-ஆம் ஆண்டில் எகிப்து தேசத்திற் பிறந்தவரும், நம் நாட்டில் வனத்து அந்தோணியார் என்று வழங்கப்படுபவருமான பெரியார், செல்வனான வாலிபனுக்கு இயேசு இட்ட கட்டளை கோயிலில் வாசிக்கப்படக் கேட்டு, தம் பிதுரார்ஜிதமான முந்நூறு அரூரா நன்செய் நிலத்தை ஊராருக்கு ஈந்துவிட்டுத் துறவு பூண்டார் என்று அத்தனாசியார் எழுதிய சரித்திரம் கூறுகிறது. 386-ஆம் ஆண்டில் மிலான் நகரில் அகுஸ்தீனை உலுக்கியதும் இவ்வரலாறே. ஆயினும் வனம் புகுந்தோரெல்லாம் அந்தோணியார் ஆகிவிடவில்லை. எகிப்தியத் துறவிகளோடு பழகிப் பின்னர் மார்சேய் நகரில் மடம் அமைத்த கசியன், பெருஞ்செல்வத்தைத் துரும்பென உதறியவர்கள் ஒரு சிறு கத்திக்காகவும் ஊசிக்காகவும் எழுதுகோலுக்காகவும் சினங்கொள்வதைக் கூர்ந்து நோக்கி எழுதியிருக்கிறார். உடைமையை விட்டது மெய், உள்ளம் விடவில்லை.

இக்குறையை நன்குணர்ந்து ஏற்பாடு செய்தவர், ஏறக்குறைய 529-ஆம் ஆண்டில் இத்தாலியில் மோந்தே கஸீனோ மலைமேல் மடம் நிறுவியவரும் கத்தோலிக்கரால் ஆசீர்வாதப்பர் என்று போற்றப்படுபவருமான பெனடிக்ட். தம் ஒழுங்கு நூலின் 73 அதிகாரங்களுள் 58-ஆவதில், மடம் புக வருபவன் மெய்யாகவே தேவனைத் தேடுகிறானா என்று ஆராயவேண்டுமென விதித்தார். நாலைந்து நாள் வாசலில் நின்று தட்டி, மறுப்புக்கும் கடுமைக்கும் சலியாதவனுக்கே கதவு திறக்கும். இரண்டு மாதம் கழிந்தபின் ஒழுங்கு நூல் முழுவதும் அவனுக்கு வாசித்துக் காட்டப்படும். கைக்கொள்ள இயலாதெனில் தடையின்றிப் போகலாம் என்றும் சொல்லப்படும். பின்னும் ஆறு மாதம் சென்று ஒருமுறை, அதன்பின் நாலு மாதம் சென்று ஒருமுறை அதே வாசிப்பு. இதற்கிடையில் ஒரு முதியவர், தெய்வ வழிபாட்டில் ஆவல், கீழ்ப்படிதல், அவமானம் பொறுத்தல் ஆகிய மூன்றையும் அவனிடம் கவனித்து வருவார். அவன் உள்ளத்தில் என்ன உணர்ச்சி எழுந்தது என்று எவரும் கேட்பதில்லை என்பதே இங்கு நாம் கருதத்தக்கது. ஓராண்டுக் காலமே சாட்சி. இவ்வினாவுக்குச் சொல்லப்பட்ட விடைகளுள் இதுவே மிக்க நிதானமுடையது என்பது என் அபிப்பிராயம்.

மடங்களை ஒழித்த புராட்டஸ்டாண்டு நாடுகளில் இந்தப் பரீட்சைக்கு இடமில்லாது போயிற்று. 1675-இல் ஸ்பேனர் என்னும் போதகர் பிராங்பர்ட் நகரிலிருந்து வெளியிட்ட சீர்திருத்த நூல், இல்லறத்தாரும் ஒருங்குகூடி வேதம் வாசித்து உயிருள்ள பக்தியை நாடவேண்டுமென வற்புறுத்திற்று. அவர் வழிவந்த பிராங்கே, 1687-இல் லூனபர்க் நகரில் விசுவாசத்தைக் குறித்துப் பிரசங்கம் செய்ய முற்பட்டு, அவ்விசுவாசம் தம்மிடமே இல்லையென்று கண்டு கலங்கி, முழந்தாளிட்டு ஜெபித்த ஒரு வேளையில் ஐயமெல்லாம் நீங்கப்பெற்றார். அவருக்கு நேர்ந்த இவ்வனுபவம், அவர் ஹாலேயில் வளர்த்த ஸ்தாபனங்களைச் சார்ந்தோரிடையே நாளடைவில் அளவுகோலாயிற்று: பாவத்துக்கழும் போராட்டம், பின் திடீரெனப் பிறக்கும் நிச்சயம் என்னும் வரிசை தவறினால் அவன் முழுமனத்தோடு தேடவில்லை என்ற ஐயம் எழுந்தது. அங்கேயே பயின்ற சின்சென்டோர்ப் பிரபு, குழந்தைப் பருவமுதல் கிறிஸ்துவை நேசித்தவராதலின், அத்தகைய போராட்டம் ஒன்றைக் காட்ட இயலாமல் ஹாலே பண்டிதரின் குறைகூறலுக்கு ஆளானார். அவரும் அவ்வரிசை எல்லோருக்கும் கட்டாயமன்றென மறுத்துரைத்தார்.

இவ்வழக்கு ஜெர்மனியோடு நின்றுவிடவில்லை. ஹாலேயில் பயின்ற சீகன்பால்கு 1706-இல் தரங்கம்பாடியில் தொடங்கிய மிஷன் அரை நூற்றாண்டைக் கடந்தபின், 1760-இல் சின்சென்டோர்ப்பைச் சார்ந்த மொரேவிய சகோதரர், நிக்கோபார்த் தீவுகளை உத்தேசித்துத் தரங்கம்பாடியில் வந்திறங்கிப் பொறையாற்றுக்கு அருகில் தோட்டம் அமைத்தனர். ஹாலே குருமார் அவர்களை வரவேற்கவில்லை.