தேய்ந்த கல்லும் தோல் துண்டும்



"பாஞ்சாலங்குறிச்சி ஏன் சார் தோத்துச்சு?" என்று வகுப்பில் கேட்பீர்கள். "துரோகம்" என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவேன். அது பாதிப் பதில்தான். மீதியை இன்று சொல்கிறேன்.

1801-இல் கும்பெனிச் சிப்பாயின் துப்பாக்கிக்கு உயிர் ஒரு சிறு சிக்கிமுக்கிக் கல். விசையை இழுத்தால் கல் இரும்பில் உரசிப் பொறி பறக்கும். அந்த அடியில் கல் நழுவாமலும் உடையாமலும் இருக்க, தோல் துண்டில் சுற்றி இடுக்கியில் இறுக்குவார்கள். ஏறத்தாழ 20, 30 முறை சுட்டால் கல்முனை மழுங்கிவிடும். திருப்பிப் போடுவார்கள், கொத்திக் கூராக்குவார்கள். முடியாவிட்டால் புதுக் கல். நைந்த தோலையும் மாற்ற வேண்டும். கவனிக்காமல் விட்டால் துப்பாக்கி வெறும் தடிதான்.

இங்கிலாந்தில் பிராண்டன் என்ற ஊரில் இந்தக் கல்லைக் கொத்துவதே தொழில். அந்நாட்டுப் படைகளுக்கு அங்கிருந்து லட்சக்கணக்கில் கல் போனது.

மார்ச் 31 அன்று ஊமைத்துரையின் ஆட்கள் ஈட்டிகளோடு நின்றே கும்பெனிப் படையை விரட்டினார்கள். கும்பெனி புதுப் படையும் பீரங்கிகளும் வரவழைத்தது. மே 24 அன்று கோட்டை விழுந்தது. டிசம்பரில் வந்த அறிவிப்பு பாளையங்களின் ஆயுதங்களையே பறித்தது.

நம்மவரிடம் வீரம் குறையவில்லை. தேய்ந்ததற்கு மாற்று வந்துகொண்டே இருக்கும் ஏற்பாடு எதிரியிடம் இருந்தது, நம்மிடம் இல்லை.

என்.சி.சி.யில் துப்பாக்கி துடைக்கும்போது, "எதுக்கு சார் ஒவ்வொரு தடவையும்?" என்று முணுமுணுத்த பிள்ளைகளே, தாமதமானாலும் பதில் இதுதான்.